குறை கூறும் நாவைப் பாராட்டப் பழக்குவது எப்படி?

மதுரைப் பக்கத்து வீடுகளில் குழம்பில் உப்புக் கூடிவிட்ட நாளில் அதைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். உப்பும் புளியும் சரியாக அமைந்த மற்ற நாள்களில் எல்லோரும் வாய் திறவாமல் உண்டுவிட்டு எழுந்து போவார்கள். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டால், "நல்லா இல்லைன்னா சொல்லியிருக்க மாட்டேனா?" என்பது பதிலாக வரும். கடையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் இதே வழக்கம்தான் நடக்கிறது. குறை என்றால் உடனே, உரக்க, பலர் முன்னிலையில் சொல்லப்படுகிறது. நிறையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர், சொற்களை மாற்றுவதற்கு முன்னால், இது நம்மிடம் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

திட்டினால்தான் வேலை நடக்கிறது என்று ஏன் தோன்றுகிறது?

பாராட்டத் தயங்குகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். திட்டிய மறுநாள் வேலை திருந்துவதையும், புகழ்ந்த மறுநாள் வேலை கெடுவதையும் அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். கண்டது பொய்யில்லை, அதற்கு அவர்கள் சொல்லிக்கொள்ளும் காரணம்தான் தவறு. 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்தபோது, தண்டனையைவிடப் பாராட்டே நன்கு பயிற்றுவிக்கும் என்று விளக்கினார். மூத்த பயிற்சியாளர் ஒருவர் எழுந்து அதை மறுத்தார். விமானத்தை அழகாகச் சுழற்றிய மாணவனைப் புகழ்ந்தால் அடுத்த முறை மோசமாகச் செய்கிறான் என்றும், சொதப்பியவனைக் கத்தினால் அடுத்த முறை சரியாகச் செய்கிறான் என்றும் தம் அனுபவத்தைச் சொன்னார். கானமன் அங்கேயே தரையில் ஓர் இலக்கைக் குறித்து, பயிற்சியாளர்கள் ஒவ்வொருவரையும் அதற்கு முதுகு காட்டி நின்று இருமுறை நாணயம் எறியச் சொன்னார். முதல் முறை மிக நெருங்கி எறிந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை விலகினார்கள். முதலில் வெகுதூரம் விலகியவர்கள் பெரும்பாலும் இலக்கை நெருங்கினார்கள். அங்கே யாரும் யாரையும் புகழவுமில்லை, திட்டவுமில்லை.

இதை நம் ஊர்த் தையற்கடை ஒன்றுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கும் பையனின் கை, எல்லோருடைய கையையும் போல, சில நாள் நன்றாக ஓடும், சில நாள் தடுமாறும். வழக்கத்தைவிட நன்றாக ஓடிய நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சாதாரண நாளாகவே இருக்கும். வழக்கத்தைவிடக் கெட்ட நாளுக்கு அடுத்ததும் அப்படியே. நல்ல நாளில் புகழ்ந்த கட்டிங் மாஸ்டர், மறுநாள் வேலை இறங்கியதைப் பார்த்து, "புகழ்ந்தேன், தலைக்கு ஏறிவிட்டது" என்று நினைக்கிறார். கெட்ட நாளில் திட்டியவர், மறுநாள் வேலை ஏறியதைப் பார்த்து, திட்டுக்குப் பலன் கிடைத்ததாக மகிழ்கிறார். இப்படியே ஆண்டுகள் கழியக் கழிய, ஏச்சு ஒரு மருந்து என்ற நம்பிக்கை அவருக்குள் உறுதிப்படுகிறது. பாராட்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க நினைப்பவர், ஒரு நாளைய விளைவை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. இரண்டு மூன்று மாதத்துப் போக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சற்று நீண்ட காலத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 1925இல் எலிசபெத் ஹர்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர், நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குகளைத் தொடர்ந்து சில நாள்கள் கொடுத்து, ஒரு குழுவினரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டச் செய்தார். இன்னொரு குழுவினரைக் கடிந்துகொள்ளச் செய்தார். மூன்றாவது குழுவினர் அதே அறையில் இருந்தும் யாரும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. கடிந்துகொள்ளப்பட்ட பிள்ளைகள் முதலில் சற்று முன்னேறி, பிறகு சரிந்தார்கள். பாராட்டப்பட்டவர்கள் முன்னேறிக்கொண்டே போனார்கள். கண்டுகொள்ளப்படாத பிள்ளைகளின் நிலை, திட்டு வாங்கியவர்களின் நிலையைவிடவும் பின்தங்கியது. குழம்பு நன்றாக இருந்த நாளில் மௌனமாக எழுந்து போகும் நாம் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவது குழுவைத்தான். நாம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மௌனம், பெறுபவருக்குப் புறக்கணிப்பாகவே போய்ச் சேர்கிறது.

ஏச்சின் மிகப் பெரிய நட்டம் வேறொன்று. எப்போதும் வசவு விழும் இடத்தில், தவறுகள் குறைவதைக் காட்டிலும் தவறுகளை மறைக்கும் திறமையே வளர்கிறது. வாடிக்கையாளர் கொடுத்த ரவிக்கைத் துணியில் கைவளைவைத் தப்பாக வெட்டிவிட்ட பையன், உடனே வந்து சொன்னால் ஒட்டுத்துணி வைத்துச் சரிசெய்துவிடலாம். அவனோ அதைச் சுருட்டி மற்றத் துணிகளுக்கு அடியில் தள்ளிவிடுகிறான். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை அது வெளியே வருகிறது. வீட்டிலும் இதுதான்: மார்க் குறைந்த தேர்வுத்தாளை ஒளித்துவைக்கும் பிள்ளை, கணக்கு வராததைச் சொல்லும் துணிவை முன்பே இழந்திருக்கிறது. பாராட்டு வழங்கும் இடத்தில் கெட்ட செய்தி சீக்கிரம் வந்து சேரும். முதலாளிக்கும் பெற்றோருக்கும் இதைவிடப் பெரிய ஆதாயம் வேறில்லை என்பது என் கருத்து.

சொல்லும் முறை

தொடங்குகிறவர் முதல் வாரத்தில் யாரையும் பாராட்ட முயல வேண்டாம். தாம் என்ன சொல்கிறோம் என்பதை மட்டும் காது கொடுத்துக் கேட்கட்டும். காலையில் எழுந்ததிலிருந்து கடையைப் பூட்டும் வரை வாயிலிருந்து வரும் சொற்களில், "ஏன் இன்னும்", "எத்தனை தடவை சொல்றது", "இதுகூடத் தெரியாதா" என்பவை எத்தனை என்று கவனித்தாலே, பழக்கத்தின் கனம் தெரிந்துவிடும். இந்த வாரத்தில் இன்னொன்றையும் செய்யலாம்: நம்மைச் சுற்றியுள்ளவர்கள் யாரும் சொல்லாமலே சரியாகச் செய்துகொண்டிருக்கும் வேலைகளைப் பார்க்கலாம். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து குடங்களை நிரப்பி வைப்பவர் யார், கடை வாசலைக் கூட்டித் தெளிப்பவர் யார், மின்கட்டணத் தேதியை மறவாமல் வைத்திருப்பவர் யார் என்று பார்க்கத் தொடங்கினால், பாராட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்ற சாக்கு நிற்காது.

அதன் பிறகு சொல்லலாம். சொல்லும்போது, செய்த செயலையும் அதனால் விளைந்த நன்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் வேறு அலங்காரம் தேவையில்லை. "சூப்பர்", "பரவாயில்லை" என்ற சொற்கள் கேட்பவருக்கு எந்தத் தகவலையும் தருவதில்லை. "தம்பி, இந்த ஆறு சட்டையிலயும் காஜா ஒரே அளவா இருக்கு, பட்டன் இழுக்காம உக்காருது" என்று சொன்னால், நாளை எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. "மதினி, மிளகை இடிச்சுப் போட்டதால ரசம் தொண்டைக்கு இதமா இருந்துச்சு" என்பதும் அப்படியே. பாராட்டு என்பது ஒருவரைக் குளிர்விக்கும் உபசாரம் என்று நினைப்பவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். எது சரியாக வந்தது என்பதைத் துல்லியமாகத் தெரிவிப்பதே அதன் முதல் பயன்.

இந்த முறை நம் மண்ணுக்குப் புதியதும் இல்லை. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலுக்கு மேலே ஒலிபெருக்கி பிடித்து நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். திமிலைப் பிடித்தவர் கடைசிவரை விடவில்லை என்பதையும், காளை எந்தப் பக்கம் திரும்பி எப்படி உதறியது என்பதையும் கண்ணெதிரே நடக்கும்போதே சொல்கிறார். வீரர் தோற்றால் மாட்டுக்கும், மாடு பிடிபட்டால் வீரருக்கும் புகழும் பரிசும் அந்த இடத்திலேயே அறிவிக்கப்படுகின்றன. பிடிபட்ட மாடுகூட நன்றாக விளையாடியிருந்தால் அதற்கும் ஒரு சொல் விழுகிறது. தை மாதத்தில் மாட்டுக்குத் தருகிற இந்தக் கவனத்தை மற்றப் பதினொரு மாதங்களில் மனிதருக்குத் தருவதில் நமக்கு என்ன தயக்கம் என்று புரியவில்லை.

இதற்கு நேர்மாறானதையும் மதுரைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். சுவரொட்டிகளுக்குப் பேர்போன ஊர் இது. காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் வள்ளல், சிங்கம், சரித்திரம் என்று எதுவும் மிச்சம் வைக்கப்படுவதில்லை. படிப்பவர் புன்னகைத்துவிட்டுப் போவதால் அங்கே தீங்கொன்றும் இல்லை. குழந்தைகளிடம் அதே மொழியைப் பயன்படுத்தினால்தான் தீங்கு. நெதர்லாந்தைச் சேர்ந்த எடி புருமல்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைப் பற்றித் தாழ்வாக எண்ணும் பிள்ளைகளிடம் அவர்கள் வரைந்த படத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்தபோது, அடுத்து வரைவதற்கு அவர்கள் எளிய படங்களையே தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு உயரத்தை மறுபடி எப்படி எட்டுவது என்ற அச்சம் அவர்களைப் பின்வாங்கச் செய்கிறது. மனம் தளர்ந்த பிள்ளையைத்தான் நாம் மிகையாகப் புகழ்கிறோம் என்பதால், இந்த எச்சரிக்கை பெற்றோருக்கு முக்கியமானது.

பிள்ளைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். "என் மகன் பிறவியிலேயே மூளைக்காரன்" என்று புகழ்வதும், "விடாமல் மூன்று வழியில் போட்டுப் பார்த்தாய், அதனால் விடை வந்தது" என்று புகழ்வதும் ஒன்றாகா. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அறிவுக்காகவும் சிலரை முயற்சிக்காகவும் ஒரே ஒரு வாக்கியத்தில் பாராட்டினார்கள். அடுத்து கடினமான புதிர்களைத் தந்து அவர்களைத் தடுமாற வைத்துவிட்டு, மீண்டும் எளியவற்றைத் தந்தபோது, அறிவுக்காகப் புகழப்பட்டவர்கள் முன்பைவிடக் குறைவாகவும் முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகவும் செய்தார்கள். தாம் பெற்ற மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அறிவுக்காகப் புகழப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் அதைக் கூட்டி எழுதினார்கள். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் பிள்ளையின் படத்தையும் மார்க்கையும் பிளெக்ஸில் அடித்துத் தெருமுனையில் கட்டுகிற பெற்றோர், அந்தப் பிள்ளை கல்லூரியின் முதல் பருவத்தில் ஒரு பாடத்தில் தவறிவிட்டால் அதை வீட்டில் எப்படிச் சொல்லும் என்பதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்.

யாரை, எங்கே, எப்படி

நண்பனை அவன் இல்லாத இடத்திலும், ஆசானை எவ்விடத்திலும், மனைவியைப் பஞ்சணையிலும், பிள்ளைகளை நெஞ்சுக்குள்ளும், வேலையாளை வேலை முடிவிலும் புகழ வேண்டும் என்று சொல்லும் பழைய தனிப்பாடல் ஒன்று நம்மிடையே வழங்கி வருகிறது. நம் வீடுகளின் மௌனத்துக்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைப்பது அரிது. நண்பனைப் பற்றிச் சொன்னதில் நுட்பம் இருக்கிறது: முதுகுக்குப் பின்னால் சொன்ன நல்ல வார்த்தை மூன்றாம் ஆள் வழியாக வந்து சேரும்போது, அதில் முகத்துதி இருக்குமோ என்ற ஐயத்துக்கு இடமில்லை. மாமியார் மருமகளைப் பாராட்ட நேரில் கூச்சப்பட்டால், அடுத்த வீட்டுக்காரரிடம், மருமகள் காதில் விழும் தொலைவில் நின்று சொன்னால் போதும். விழ வேண்டிய இடத்தில் அது விழுந்துவிடும். மனைவியைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பாடல் சொல்வதை நான் ஏற்கவில்லை. சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் வைத்துக் குறை சொல்லப்பட்டவரைப் பாராட்டுவதற்கும் அதே கூடம்தான் பொருத்தமானது. நெஞ்சுக்குள் மட்டும் புகழப்பட்ட பிள்ளைக்கு, தந்தையின் நெஞ்சைத் திறந்து பார்க்கும் வழி எதுவும் தெரியாது.

பிள்ளைகளை வாய்விட்டுப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்று அப்பத்தாக்கள் அஞ்சுவார்கள். அவர்களோடு வாதாட வேண்டியதில்லை. அந்த அச்சம் எழுவது பிள்ளையின் அழகையும் உடற்கட்டையும் சாப்பாட்டையும் புகழும்போதுதான். வாய்ப்பாட்டைத் திக்காமல் ஒப்பித்ததற்காக யாரும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. செயலைப் புகழ்கிறவருக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை. அப்படியும் அவர்கள் சுற்றிப் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும்.

மூத்தவர்களைப் பாராட்டுவதில் ஒரு தடை உண்டு. பாராட்டு மேலிருந்து கீழே வருவது என்பது நம் மரபு. பேரன் பாட்டியிடம் "நன்றாகச் சமைத்தீர்கள்" என்று சொன்னால், அவன் மதிப்பெண் போடுவதாகத் தோன்றிவிடும். இதற்கு நம்மிடம் அழகிய வழி ஒன்று இருக்கிறது: கற்றுத் தரும்படி கேட்பது. "அப்பத்தா, கருவாட்டுக் குழம்புக்குப் புளியை எப்பச் சேர்ப்பீங்க? எங்க வீட்டுல இந்தப் பக்குவம் வர மாட்டேங்குது" என்ற கேள்வியில் அடங்கியுள்ள மரியாதை, எந்தப் புகழ்மொழியிலும் இராது. கேட்ட பிறகு அவர் சொல்வதை முழுவதும் கேட்டு, ஒருமுறையாவது செய்தும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் மேலாளரிடமும் பட்டறையில் மேஸ்திரியிடமும் இதே வழி பொருந்தும். அங்கே நேரடிப் புகழ்ச்சி சீக்கிரம் காக்காய் பிடிப்பதாகக் கருதப்படும்.

ஒருவரைப் புகழும்போது இன்னொருவரைத் தாழ்த்துவதை முற்றாகக் கைவிட வேண்டும். "உன் அக்கா எப்படிப் படிக்கிறாள் பார்" என்பது அக்காவுக்கும் பாராட்டாகாது, தம்பிக்கும் பயனாகாது. "எங்கம்மாகூட இப்படிச் செஞ்சதில்ல" என்று மனைவியைப் புகழும் கணவர், அடுக்களையில் ஒரு வாரத்துக்குப் போதுமான புகைச்சலைக் கிளப்பிவிடுகிறார்.

குறையைச் சொல்லியே ஆக வேண்டிய இடம்

பாராட்டப் பழகுவதென்றால் குறையே சொல்லாமல் இருப்பதென்று பொருளில்லை. இடித்துரைக்கும் நட்பை நம் மரபு உயர்வாகவே போற்றியிருக்கிறது. ஓடும் தையல் எந்திரத்தின் ஊசிக்கு அருகே விரல் போனாலோ, பைபாஸ் சாலையில் பிள்ளை குறுக்கே ஓடினாலோ கத்தத்தான் வேண்டும். எடையில் ஏய்ப்பவரிடமும் பெண்களிடம் முறை தவறுபவரிடமும் நயமாகப் பேச வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. நான் சொல்வது அன்றாடக் குறைகளைப் பற்றி.

அவற்றைச் சொல்லும்போது, பாராட்டோடு சேர்த்துக் கட்டக் கூடாது. "நல்லாத்தான் தச்சிருக்க, ஆனா..." என்று தொடங்குகிற வாக்கியத்தில், "ஆனா" வந்தவுடன் முன்பாதி செத்துப்போகிறது, சில மாதங்களில், பாராட்டின் முதல் சொல்லைக் கேட்டதுமே எதிரிலிருப்பவர் அடுத்து வரப்போகும் அடிக்குத் தயாராகிவிடுவார். இரண்டுக்கும் தனித்தனி நேரம் வேண்டும். குறையைத் தனிமையில், சுருக்கமாக, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை முன்வைத்துச் சொல்லலாம்: "காலர் முனை ரெண்டும் ஒத்து வரல, திருப்புறதுக்கு முன்னாடி ஒருமுறை மடிச்சு வச்சுப் பாரு." ஆவ்ரஹாம் குளூகர், ஆஞ்சலோ டெனிசி இருவரும் 1996இல் நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவருக்குக் கருத்துச் சொன்ன நேர்வுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். "நீ உருப்பட மாட்டே" என்ற பிறகு காலரைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆளைப் பற்றிய அளவு மீறிய புகழ்ச்சிக்கும் இதே விதி பொருந்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் சில வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை

நீண்ட காலம் குறை மட்டுமே சொன்னவர் திடீரென்று பாராட்டினால், வீட்டார் அவரை ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். "என்ன, இன்னைக்கிக் காத்து வேற பக்கம் அடிக்குது?" என்பார்கள், கடன் கேட்கப் போகிறாரோ என்றும் நினைப்பார்கள். இதைத் தவிர்க்க, ஒருவரைப் பாராட்டிய நாளில் அந்த ஒருவரிடம் எந்த உதவியும் கேட்காமல் இருக்க வேண்டும், சிறிய உதவியானாலும். பெறுகிறவர் "அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கழிப்பதைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை போலும் என்று முடிவு கட்டவும் கூடாது. எரிக்கா பூத்பி, வனெஸ்ஸா போன்ஸ் ஆகியோர் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுகளில், பாராட்டுகிறவர்கள் எதிராளிக்கு ஏற்படும் மகிழ்ச்சியைக் குறைத்தும், சங்கடத்தைக் கூட்டியும் மதிப்பிடுவது தெரியவந்தது. நம் ஊரில் தட்டிக்கழிப்பது அடக்கத்தின் அடையாளம் என்பதால், இந்தத் தவறான கணிப்பு இங்கே இன்னும் மிகுதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது. நின்று பதிலை எதிர்பார்த்தால் இருவருக்குமே தர்மசங்கடம்.

தம்பதியர் உரையாடல்களை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் காட்மன், நிலைத்த மணவாழ்க்கையில் கருத்து மோதலின்போதுகூட ஒரு கசப்பான சொல் அல்லது செய்கைக்கு ஐந்து இனியவை என்ற விகிதம் இருப்பதாகக் கண்டார். காலையில் திட்டியதற்கு மாலைக்குள் ஐந்து பாராட்டு பாக்கி என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் அது கேலிக்கூத்தாகும். ஒரு கடுஞ்சொல்லை ஒரு நல்ல சொல்லால் ஈடுகட்ட முடியாது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வேலை வாங்குகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு சொல். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தையற்கடைகளில் நள்ளிரவு தாண்டியும் எந்திரம் ஓடும். ஓட்டுகிறவர்களைப் புகழ்ந்து பேசினால் இன்னும் நாலு உருப்படி கூடுதலாக விழும் என்பது உரிமையாளர்கள் பலருக்குத் தெரியும். கூலி உயர்வையும் கூடுதல் நேரத்துக்கான காசையும் தள்ளிப்போடுவதற்காகச் சொல்லப்படும் பாராட்டை, வேலை செய்கிறவர் ஒரே பண்டிகையில் இனம் கண்டுவிடுவார். அடுத்த ஆண்டு அவர் திருப்பூருக்குப் பேருந்து ஏறியிருப்பார், அல்லது எதிர்த்தெருவிலேயே சொந்தமாக எந்திரம் போட்டு உட்கார்ந்திருப்பார். ஆகவே முதலில் கணக்குப் பார்த்துக் காசைக் கையில் கொடுத்துவிட வேண்டும்; இந்த ஆண்டு அவர் தைத்த எந்த உருப்படியைப் பார்த்து எந்த வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்பதை அதன் பிறகு சொல்லலாம்.